நுண்ணதிர்வு அளக்கும் கிடை ஊசலை வீட்டில் அமைத்தல்: முழுமையான வழிகாட்டி

நிலம் அசைகிறதா என்று அறிய, நிலத்தோடு சேர்ந்து அசையாத ஒரு பொருள் வேண்டும். சுவர், மேசை, அவற்றின் மேல் வைக்கும் அளவுகோல், அளப்பவர் என எல்லாமே நிலத்தோடு சேர்ந்து நகர்வதால், எதை வைத்து எதை அளப்பது என்பதே இந்தத் துறையின் முதல் சிக்கல். ஒரு பளுவைத் தொங்கவிட்டால், நிலம் சட்டென்று நகரும்போது நிலைமத்தின் காரணமாக அது தன் இடத்திலேயே நிற்க முயல்கிறது. பளுவுக்கும் நிலத்துக்கும் இடையே ஏற்படும் அந்த விலகலை அளந்தால் நிலத்தின் அசைவு தெரிந்துவிடும். பெரும்பாலான நிலநடுக்கமானிகள் இந்த ஒரே கருத்தின் மேல்தான் நிற்கின்றன.

ஆனால் ஊசல் தன் சொந்த அலைவு நேரத்தை விட வேகமான அசைவுகளுக்கு மட்டுமே அசையாமல் நிற்கும். அதைவிட மெதுவான அசைவுகளில் அது நிலத்தோடு சேர்ந்தே நகர்ந்துவிடும். தொலைவில் நிகழும் பெரிய நிலநடுக்கத்தின் மேற்பரப்பு அலைகள் ஏறத்தாழ 20 விநாடிக்கு ஒருமுறை மெல்ல அசைப்பவை. அவற்றை ஓரளவேனும் பிடிக்க 15 விநாடி அலைவு நேரம் கொண்ட சாதாரண ஊசலைக் கட்ட வேண்டுமானால், கயிற்றின் நீளம் 56 மீட்டர் இருக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சியைவிடச் சற்றே தாழ்வான இடத்திலிருந்து ஒரு குண்டைத் தொங்கவிடுவதற்கு அது சமம்.

இந்த நீளத்தை ஒரு மேசைக்குள் அடக்கும் வழிதான் கிடை ஊசல். கீல் சற்றே சாய்ந்துபோன வாசற்கதவைப் பார்த்திருப்பீர்கள். எங்கே விட்டாலும் அது மெதுவாக நகர்ந்து ஒரே இடத்தில் வந்து நிற்கும். கீல்களின் கோடு செங்குத்துக்கு நெருங்க நெருங்க, கதவு இன்னும் மெதுவாக ஆடும். செங்குத்தான அச்சிலிருந்து அரைப் பாகை மட்டும் சாய்ந்த ஒரு சிறு கதவு, 56 மீட்டர் ஊசலின் வேலையைச் செய்துவிடுகிறது. நிலவின் ஈர்ப்பால் நிலம் சாய்வதை அளக்கவே ஜெர்மானிய அறிஞர் ரெபோய்ர்-பாஷ்விட்ஸ் போட்ஸ்டாமில் இத்தகைய ஊசலை வைத்திருந்தார். 1889 ஏப்ரல் 17 அன்று அதில் பதிவான விளங்காத கிறுக்கல், ஜப்பானில் நிகழ்ந்த நிலநடுக்கம் என்று பிறகு தெரியவந்தது. உலகின் மறுபக்கத்து அதிர்வை ஒரு கருவி உணர்ந்ததாக அறியப்பட்ட முதல் நிகழ்வு அதுவே. பத்தே ஆண்டுகளில், 1899-இல், ஜான் மில்ன் வடிவமைத்த கிடை ஊசல் நம் கொடைக்கானல் ஆய்வகத்திலும் இயங்கத் தொடங்கியது.

இந்த வழிகாட்டி அவ்வகை ஊசல் ஒன்றை வீட்டிலேயே அமைப்பதைப் பற்றியது. 1979-இல் வெளியான ஜேம்ஸ் லேமன் வடிவமைப்பின் வழியில் உலகெங்கும் ஆர்வலர்கள் கட்டிவரும் கருவி இது. ஆயத்தமாகக் கிடைக்கும் ஜியோபோன் என்னும் உணரியை வாங்கினால் போதாதா என்று கேட்கலாம். பக்கத்து ஊர் அதிர்வுகளுக்கு அது போதும். ஆனால் 4.5 ஹெர்ட்ஸ் ஜியோபோனின் உணர்திறன் அந்த அதிர்வெண்ணுக்குக் கீழே வர்க்க விகிதத்தில் சரிகிறது; 20 விநாடி அலை என்பது 0.05 ஹெர்ட்ஸ், அதாவது 90 மடங்கு கீழே, ஆகவே உணர்திறன் 8,100 மடங்கு குறைந்துவிடும். தொலைநிலநடுக்கம் பார்க்க விரும்புபவருக்கு ஊசலே வழி.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கருவியின் திறன் மின்னணுச் சுற்றில் இல்லை. உராய்வில்லாத சுழல்முனை, ஊசலின் சொந்த ஆட்டத்தை அடக்கும் சரியான தணிப்பு, அமைதியான இடம் ஆகிய மூன்றில்தான் இருக்கிறது. விலையுயர்ந்த பெருக்கியை முதலில் வாங்கிவிட்டு, சுழல்முனையை அவசரத்தில் ஒப்பேற்றுபவர்களே பெரும்பாலும் பாதியில் கைவிடுகிறார்கள்.

முதற் படி: இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

கருவியைக் கட்டுவதற்கு முன்பே இடத்தை முடிவுசெய்யுங்கள். தரைத்தளம் கட்டாயம், மாடியில் வைத்தால் காற்றுக்குக் கட்டடம் ஆடுவதைத்தான் அளப்பீர்கள். அறையின் நடுப்பகுதியை விட, இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் தரை குறைவாக வளையும். தட்டினால் ‘டொக்’ என்று வெற்று ஒலி எழுப்பும் டைல்ஸ் மேல் வைக்கக் கூடாது. இயன்றால் ஓர் அடிச் சதுரத்துக்கு டைல்ஸைப் பெயர்த்தெடுத்து, நிலத்தோடு ஒட்டிய சிமெண்ட் மேடை போட்டு, அதைச் சுற்றியுள்ள தரையிலிருந்து விரலளவு இடைவெளி விட்டுப் பிரித்துவிடுவது மிகச் சிறந்தது.

வீட்டுக்கு வெளியே உள்ளவற்றையும் கவனியுங்கள். பெரிய மரம் காற்றில் ஆடும்போது அதன் வேர்கள் நிலத்தைச் சாய்க்கும். ஆழ்துளைக் கிணற்று மோட்டார், மாவு மில், பேருந்து செல்லும் சாலையிலுள்ள வேகத்தடை ஆகியவை வேகமான அதிர்வுகளைத் தருவன. இவற்றை வடிகட்டி ஓரளவு நீக்கலாம். சாய்வை நீக்க இயலாது. என் கருவி அமைந்த முதல் வாரங்களில், ஒவ்வொரு நாள் காலையும் ஊசலின் ஓய்வு நிலை ஒரு பக்கமாக நகர்ந்து, மாலைக்குள் மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்தது. வெயிலின் விளைவு என்றே எண்ணியிருந்தேன். மேலே மொட்டை மாடியில் 1,000 லிட்டர் தொட்டி நிரம்புவதும் காலியாவதுமே காரணம் என்று பிறகுதான் புரிந்தது. ஒரு டன் நீர் ஒரு மூலையில் ஏறினால், அந்தச் சுவரின் அடித்தளம் சற்றே அமிழத்தான் செய்யும். கருவியை எதிர் மூலைக்கு மாற்றியதும் அந்த நகர்வு பெரிதும் குறைந்தது.

இரண்டாம் படி: பொருள்கள்

அடித்தட்டுக்கு 10 மி.மீ. தடிமனுள்ள அலுமினியத் தகடு நல்லது. இரும்பும் ஆகும், ஆனால் துருப்பிடிக்காமல் வண்ணம் பூச வேண்டும். மரமும் பிளைவுட்டும் வேண்டாம். மழைக்காலத்தில் ஈரம் குடித்து வளைந்துவிடும். தட்டின் நீளம் ஏறத்தாழ 70 செ.மீ., ஒரு முனையில் 40 செ.மீ. உயரத் தூண். தூண் அசையவே கூடாது. பின்பக்கம் ஒரு முட்டுக் கொடுத்து இறுக்குங்கள்.

தண்டு என்று நான் சொல்லப்போவது ஊசலின் கிடையான கை. அதற்கு 60 செ.மீ. அலுமினியக் குழாய் போதும். அதன் மேல் ஏற்றும் பளு 2 கிலோ. ஈயம் அல்லது பித்தளையாக இருக்க வேண்டும், இரும்பாக இருக்கக் கூடாது. காந்தங்களும் சுற்றுப்புறக் காந்தப்புலமும் இரும்பை இழுத்து, ஊசலுக்கு நாம் விரும்பாத விசையைத் தரும். ஈயத்தைக் கையாண்ட பின் கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

தண்டைத் தூணின் உச்சியிலிருந்து தாங்கும் கம்பிக்கு எஃகு வீணைத் தந்தியோ கிட்டார் தந்தியோ ஏற்றது. சுழல்முனையிலிருந்து 50 செ.மீ. தொலைவில் பளுவையும் கம்பியையும் பொருத்தினால், 2 கிலோ பளுவுக்குக் கம்பியில் விழும் இழுவிசை 3 கிலோவுக்குச் சற்று மேல். நல்ல தந்தி இதை எளிதாகத் தாங்கும். சுழல்முனைக்குச் சைக்கிள் கடையில் ‘பால்ரஸ் குண்டு’ என்று கேட்டால் கிடைக்கும் எஃகுக் கோலியும், அது உருளுவதற்குக் கடினமான, மழமழப்பான எஃகுத் தகட்டுத் துண்டும் வேண்டும். மூன்று எம்6 திருகுகள், நியோடைமியம் காந்தத் தகடுகள், 3 மி.மீ. செம்புத் தகடு, காயில் கட்டும் கடையில் கிடைக்கும் 38 கேஜ் எனாமல் செம்புக் கம்பி ஆகியவை மீதி. நியோடைமியம் காந்தங்கள் சட்டென்று ஒட்டி விரலை நசுக்கிவிடும்; இரண்டுக்கும் நடுவே மரத்துண்டு வைத்தே பிரித்துச் சேர்க்க வேண்டும்.

மூன்றாம் படி: சுழல்முனை

இந்தப் படிக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். தூணின் கீழ்ப்பகுதியில், தண்டின் மட்டத்தில் ஒரு போல்ட்டைக் கிடையாகப் பொருத்தி, அதன் தலையில் சிறு குழி தோண்டி, எஃகுக் கோலியை எபாக்சி பசையால் ஒட்டுங்கள். தண்டின் முனையில் எஃகுத் தகட்டை ஒட்டுங்கள். கம்பி தண்டைப் பின்னோக்கி இழுப்பதால், ஏறத்தாழ இரண்டரை கிலோ விசையோடு தகடு கோலியின் மேல் அழுந்தி நிற்கும். தண்டு ஆடும்போது தகடு கோலியின் மேல் வழுக்காமல் உருளும். உருளுதலில் உராய்வு மிகக் குறைவு. கூர்முனையைக் குழியில் வைக்கும் பழைய முறையும் உண்டு. அதில் கூர் மழுங்கியதும் உராய்வு வந்துவிடுகிறது என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

கம்பியின் மேல்முனை தூணின் உச்சியில் கோலிக்கு நேர் மேலே இருக்க வேண்டும். அந்த இரண்டு புள்ளிகளை இணைக்கும் கற்பனைக் கோடுதான் கதவின் கீல் கோடு. மேல்புள்ளி 2 மி.மீ. முன்னே போனால்கூடச் சாய்வு 0.29 பாகை மாறிவிடும் என்பதால், தூக்குக்குண்டு கட்டிச் சரிபாருங்கள். கம்பியை ஓட்டையில் கோத்து முடிச்சிடக் கூடாது. இரண்டு சிறு தகடுகளுக்கு நடுவே இறுக்கிப் பிடித்தால்தான் வளையும் இடம் ஒரே இடமாக நிலைக்கும்.

இப்போது தணிப்பும் கம்பிச்சுருளும் இல்லாமலே ஒரு சோதனை. தண்டின் முனையருகே ஓர் அளவுகோலை நிறுத்தி, பளுவை 10 மி.மீ. தள்ளி விட்டு, ஒவ்வொரு ஆட்டத்தின் வீச்சையும் எழுதிக்கொள்ளுங்கள். வீச்சு 10, 9, 8.1, 7.3 என்று ஒரே விகிதத்தில் குறைந்தால் நல்லது. அது காற்றின் தடை. 10, 8, 6, 4 என்று ஒரே அளவில் குறைந்து, நடுக்கோட்டுக்கு வராமல் எங்கோ ஓர் இடத்தில் சட்டென்று நின்றால், சுழல்முனையில் உராய்வு இருக்கிறது. இரண்டாம் வகை நடத்தை உள்ள ஊசல் மில்லிமீட்டர் அசைவுகளைக் காட்டும். மைக்ரோமீட்டர் அசைவுகளைக் காட்டவே காட்டாது, ஏனெனில் உராய்வை வெல்லும் விசை அவற்றுக்கு இல்லை. தகட்டைத் தேய்த்து மெருகேற்றி, கோலியை மாற்றி, முதல் வகை வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அதுவரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

நான்காம் படி: அலைவு நேரத்தைக் கூட்டுதல்

அடித்தட்டின் தூண் பக்கத்தில் 30 செ.மீ. இடைவெளியில் இரண்டு திருகுகளும், பளு இருக்கும் பக்கத்தில் நடுவே ஒன்றும் கால்களாக இருக்கட்டும். ஒவ்வொரு திருகின் கீழும் ஒரு தடித்த கண்ணாடித் துண்டோ உலோகத் துண்டோ வையுங்கள். முன்கால் அலைவு நேரத்துக்கு. பின்கால்கள் இரண்டும் தண்டை நடுவில் நிறுத்துவதற்கு. இந்தப் பிரிவினையை மனத்தில் கொண்டால் குழப்பம் வராது.

முதலில் ரசமட்டம் வைத்துத் தட்டைச் சமன்செய்து, பிறகு முன்காலை இரண்டு மூன்று சுற்று இறக்குங்கள். தண்டு நடுவில் நின்று விரைவாக ஆடும். பிறகு முன்காலைக் கால் சுற்றுக் கால் சுற்றாக உயர்த்தி, ஒவ்வொரு முறையும் பத்து ஆட்டங்களின் நேரத்தை அளந்து பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். சுழல்முனையிலிருந்து பளுவின் மையம் 50 செ.மீ. எனில், 0.80 பாகைச் சாய்வில் 12 விநாடியும், 0.51 பாகையில் 15 விநாடியும், 0.29 பாகையில் 20 விநாடியும் வரும். சாய்வு நான்கில் ஒரு பங்கானால் அலைவு நேரம் இரட்டிப்பாகும் என்பதே இதன் கணக்கு. எம்6 திருகின் புரியிடைவெளி 1 மி.மீ.; கால்களின் இடைவெளி 60 செ.மீ. என்றால், ஒரு முழுச் சுற்று 0.1 பாகைக்குச் சற்றுக் குறைவான சாய்வைத் தரும்.

எங்கே நிறுத்துவது? நம் ஊர் வெப்ப மாறுபாட்டில் 20 விநாடியை நிலைநிறுத்துவது மிகக் கடினம். ஓரிரு நாளில் தண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து தடுப்பில் முட்டி நிற்கும். தொடங்குபவருக்கு 12 விநாடி போதும். சில மாதங்கள் பழகிய பின் 15-க்குப் போகலாம்.

15 விநாடியில் நிற்கும் ஊசல் எவ்வளவு நுட்பமானது என்பதை ஒரு தாள் காட்டிவிடும். பின்கால்களில் ஒன்றை மெல்லத் தூக்கி, அதன் கீழே 0.1 மி.மீ. தடிமனுள்ள சாதாரண எழுதும் தாள் ஒன்றைச் செருகி, மீண்டும் இறக்குங்கள். 30 செ.மீ. அகலத்தில் ஒரு தாளின் உயரம் என்பது எந்த ரசமட்டத்துக்கும் தெரியாத சாய்வு. ஆனால் ஊசல் பக்கவாட்டுச் சாய்வை 112 மடங்கு பெருக்கிக் காட்டும். பளு ஏறத்தாழ 19 மி.மீ. நகர்ந்து அங்கே போய் நிற்கும். தாளை உருவினால் மெதுவாகத் திரும்பி வரும். கருவிக்கு அருகே தரையில் ஒருவர் வந்து நின்றாலே பளு நகர்வதை வெறுங்கண்ணால் காணலாம். இதைப் பார்த்த பிறகுதான், இடத்தைப் பற்றி இவ்வளவு வற்புறுத்தியதன் பொருள் விளங்கும்.

ஐந்தாம் படி: தணிப்பு

தணிப்பு இல்லாத ஊசலை ஒரு முறை அசைத்தால், அது பல நிமிடங்கள் தன் சொந்த ஆட்டத்தையே ஆடிக்கொண்டிருக்கும்; அதற்குள் வந்த நில அலைகள் அதில் கலந்து காணாமற்போகும். தொடக்ககால மில்ன் கருவிகளின் பெரிய குறை இதுதான். ஜெர்மானிய அறிஞர் வீச்சர்ட் தணிப்பை அறிமுகப்படுத்திய பின்னரே பதிவுகள் நிலத்தின் உண்மையான அசைவை ஒத்திருக்கத் தொடங்கின.

தண்டின் முனையில் செம்புத் தகட்டை நிலைக்குத்தாகப் பொருத்தி, அதன் இருபுறமும் காந்தங்கள் வருமாறு இரும்பு வளைவில் பதித்து அடித்தட்டில் வையுங்கள். தகடு காந்தப்புலத்தில் நகரும்போது அதில் சுழல் மின்னோட்டம் எழுந்து, நகர்வை எதிர்க்கும். வேகம் கூடினால் எதிர்ப்பும் கூடும்; வேகம் சுழியானால் எதிர்ப்பும் சுழி. உராய்வைப் போல் ஊசலைப் பிடித்து நிறுத்தாது என்பதே இதன் சிறப்பு. எண்ணெய்க் கிண்ணத்தில் துடுப்பை அமிழ்த்தும் முறையும் உண்டு, ஆனால் எண்ணெயின் பிசுபிசுப்பு வெயிலுக்கும் மழைக்கும் மாறும்.

பளுவை 10 மி.மீ. தள்ளி விடுங்கள். அது நடுக்கோட்டைக் கடந்து மறுபுறம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் சென்று, திரும்பி நின்றுவிட வேண்டும். அதுவே மாறுநிலைத் தணிப்பில் (ஊசல் நடுக்கோட்டைக் கடக்காமல் மிக விரைவாகத் திரும்பும் அளவில்) 0.7 பங்கு, எல்லா அலைவு நேரங்களையும் ஓரளவு சமமாகக் காட்டும் நிலை. மறுபுறம் 2, 3 மி.மீ. சென்றால் காந்தங்களைத் தகட்டுக்கு நெருக்குங்கள். கடக்கவே கடக்காமல் சோம்பலாக ஊர்ந்து வந்தால் விலக்குங்கள். அலைவு நேரத்தை மாற்றினால் தணிப்பின் பங்கும் மாறும், ஆகவே இந்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும்.

ஆறாம் படி: கம்பிச்சுருளும் காந்தமும்

அசைவை மின்னழுத்தமாக மாற்றும் இந்த முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருசிய அறிஞர் கலிட்சின் நிலநடுக்கவியலுக்குக் கொண்டுவந்தார். 30 மி.மீ. உள்விட்டமும் 8 மி.மீ. தடிமனும் உள்ள தட்டையான அச்சில் 38 கேஜ் கம்பியை 3,000 சுற்றுச் சுற்றினால், சுருளின் மின்தடை 370 ஓம் அளவில் வரும். காயில் கட்டும் கடையில் எண்ணி கொண்ட சுற்றுப்பொறி இருக்கும். அங்கேயே கொடுத்துச் சுற்றி வாங்குவது நேரத்தைப் பெரிதும் மிச்சப்படுத்தும்.

சுருளைத் தண்டிலும் காந்தங்களை அடித்தட்டிலும் பொருத்துங்கள். காந்தத்தைத் தண்டில் ஏற்றினால், அறைக்குள் நகரும் ஒவ்வோர் இரும்புப் பொருளும் ஊசலை இழுக்கும். சுருளின் இரண்டு இழைகளைத் தண்டு நெடுகக் கொண்டுவந்து, சுழல்முனைக்கு அருகே தலைமயிர் போன்ற மெல்லிய கம்பியில் தளர்வான வளையமாக இறக்குங்கள். அங்கேதான் அசைவு மிகக் குறைவு.

என் முதல் சுருள் எதையுமே காட்டவில்லை. பெருக்கியை இரண்டு முறை பிரித்துக் கட்டினேன். குறை அதில் இல்லை. சுருள் முழுவதும் ஒரே திசைப் புலத்துக்குள் அமர்ந்திருந்தது. தண்டு நகரும்போது சுருளின் இடப்பக்கக் கம்பிகளில் எழும் மின்னழுத்தமும் வலப்பக்கக் கம்பிகளில் எழுவதும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. ஆகவே நான்கு காந்தத் தகடுகள் வேண்டும்: சுருளின் இடப்பக்கத்தில் புலம் ஒரு திசையிலும், வலப்பக்கத்தில் அதற்கு எதிர்த்திசையிலும் செல்லுமாறு அவற்றை அடுக்க வேண்டும். இதைத் திசைகாட்டி வைத்துச் சரிபார்த்த பின்பே ஒட்டுங்கள்.

ஏழாம் படி: பெருக்கியும் பதிவும்

எவ்வளவு மின்னழுத்தம் வரும் என்று முன்பே கணக்கிட்டுக்கொண்டால் பெருக்கியைத் தேர்ந்தெடுப்பது எளிது. நிலம் 6 விநாடிக்கு ஒருமுறை 1 மைக்ரோமீட்டர் வீச்சில் அசைகிறது என்று கொள்வோம். அதன் உச்ச வேகம் விநாடிக்கு 1 மைக்ரோமீட்டர் அளவு. சுருளின் உணர்திறன் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்துக்கு 30 வோல்ட் எனில், வெளிவருவது 30 மைக்ரோவோல்ட். 500 மடங்கு பெருக்கினால் 15 மில்லிவோல்ட். மின்னழுத்தத்தைக் கணினிக்கான எண்ணாக மாற்றும் ஏடிஎஸ் 1115 போன்ற 16 பிட் மாற்றி, 2.048 வோல்ட் வரம்பில் ஒரு படிக்கு 62.5 மைக்ரோவோல்ட் அளக்கும். ஆகவே மைக்ரோமீட்டர் அசைவு 240 படிகளாகத் தெரியும். இது தாராளம். ஓபி07 போன்ற, நகர்வு குறைந்த பழைய பெருக்கிச் சில்லே போதும்.

மின்கம்பிகளிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலே இங்கு முதல் எதிரி. 33 கிலோ ஓம் மின்தடையும் 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் சேர்ந்த வடிகட்டி 5 ஹெர்ட்ஸ் அருகே வெட்டும். இரண்டு நிலைகளாகப் போட்டால் 50 ஹெர்ட்ஸ் நூறு மடங்குக்கு மேல் குறையும். அதற்கு மேல், விநாடிக்கு 200 முறை அளந்து, 20 அளவீடுகளுக்கு ஒரு சராசரி எடுங்கள். பத்தில் ஒரு விநாடிக்குள் மின்சாரத்தின் ஐந்து முழுச் சுழற்சிகள் அடங்குவதால், மீதமுள்ள இரைச்சல் சராசரியில் தானாகவே அழிந்துவிடும். சுருளிலிருந்து வரும் கம்பிகளை முறுக்கி, உறையுள்ள கேபிளில் கொண்டுவாருங்கள். பெருக்கிக்கு மின்கலத்திலிருந்து மின்சாரம் கொடுத்தால், இரைச்சலும் குறையும், மின்வெட்டிலும் பதிவு நிற்காது.

நேரம் துல்லியமாக இருக்க வேண்டும். நிலநடுக்கத்திலிருந்து முதலில் வந்துசேரும் பி அலை பூமியின் மேலடுக்குக்குக் கீழே விநாடிக்கு 8 கி.மீ. வேகத்தில் செல்வதால், கடிகாரத்தில் 1 விநாடிப் பிழை 8 கி.மீ. பிழையாகும். இணையவழி நேர ஒத்திசைவோ ஜிபிஎஸ் நேரமோ பயன்படுத்துங்கள். பதிவைப் பன்னாட்டு நேரத்தில் வைத்து, பார்க்கும்போது மட்டும் ஐந்தரை மணி கூட்டிக்கொள்வது நல்லது.

எட்டாம் படி: அளவுதிருத்தம்

அளவுதிருத்தம் செய்யாத கருவி, அதிர்வு உண்டு என்று மட்டும் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. இதற்கு ஓர் அழகான எளிய முறை உள்ளது. பெருக்கியை விலக்கி, சுருளை நேராக மாற்றியில் இணையுங்கள். சுருள் சரியாக 5 மி.மீ. நகருமாறு இரண்டு தடுப்புகள் வைத்து, தண்டை ஒரு தடுப்பிலிருந்து மற்றொன்றுக்குக் கையால் நகர்த்துங்கள். வேகமாக நகர்த்தினால் மின்னழுத்தம் உயர்ந்து குறுகிய நேரம் இருக்கும். மெதுவாக நகர்த்தினால் தாழ்ந்து நீண்ட நேரம் இருக்கும். இரண்டிலும் வரைகோட்டின் கீழுள்ள பரப்பு ஒன்றே. அந்தப் பரப்பை 0.005 மீட்டரால் வகுத்தால் சுருளின் உணர்திறன் கிடைக்கும், 0.15 வோல்ட்-விநாடி வந்தால் 30 என்று பொருள். கை நடுக்கம், வேகம் எதுவும் விடையைக் கெடுக்காது. சுருள் 60 செ.மீ. தொலைவிலும் பளு 50 செ.மீ. தொலைவிலும் இருந்தால், சுருள் பளுவை விட 1.2 மடங்கு நகரும் என்பதால் விடையை 1.2-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: மூடுதல்

காற்றோட்டம் ஊசலைத் தள்ளும். எல்லாப் பக்கமும் மூடிய பெட்டி செய்து, உள்ளே தெர்மகோல் ஒட்டுங்கள். பெருக்கியைப் பெட்டிக்குள் கீழே வைக்கக் கூடாது. அதன் சூட்டில் காற்று மேலெழுந்து சுழலும். எறும்பும் சிலந்தியும் நுழையாதபடி இடுக்குகளை அடையுங்கள். காந்த இடைவெளியில் ஒரே ஒரு சிலந்தி இழை குறுக்கே ஓடினாலும் ஊசல் முடங்கும். இரும்புத்தூள் ஒன்று ஒட்டினாலும் அப்படியே. காரணம் தெரியாமல் பதிவு தட்டையானால், முதலில் டார்ச் அடித்து அந்த இடைவெளியைப் பாருங்கள்.

பத்தாம் படி: பதிவைப் படித்தல்

பெட்டியை மூடிய ஒரு நாளுக்குப் பிறகு, எந்த நிலநடுக்கமும் இல்லாதபோதே வரைகோடு இடைவிடாமல் மெல்ல அலைவதைக் காண்பீர்கள். 4 முதல் 8 விநாடி அலைவு நேரம் கொண்ட இந்த அசைவு குறை அல்ல. எதிரெதிராக வரும் கடலலைகள் மோதும்போது கடலடியில் எழும் அழுத்தம் நிலத்தை அசைக்கிறது. அலைகளின் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்கில் அசைப்பதும் அதனால்தான். வங்கக்கடலில் புயல் உருவானால் இந்த அசைவு நாள்தோறும் பெருத்துக்கொண்டே வரும். வானம் தெளிவாக இருக்கும் நாளில், மூடிய பெட்டிக்குள் இருக்கும் 2 கிலோ ஈயம் தொலைதூரக் கடலின் கொந்தளிப்பைச் சொல்வதைப் பார்க்கும்போது, இத்தனை உழைப்பும் வீணாகவில்லை என்று எனக்குத் தோன்றும். கருவி சரியாக இயங்குகிறது என்பதற்கும் இதுவே முதல் சான்று. இது தெரியாவிட்டால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

மனித நடமாட்டம் விநாடிக்குப் பலமுறை துடிக்கும் கூர்மையான கோடுகளாக வரும், இரவில் மறையும். தொலைநிலநடுக்கம் வேறு விதம்: முதலில் சிறிய பி அலை, சில நிமிடம் கழித்துப் பெரிய எஸ் அலை, பிறகு நீண்டு உருளும் மேற்பரப்பு அலைகள் மணிக்கணக்கில் தேய்ந்து மறையும். எஸ், பி அலைகளுக்கு இடைப்பட்ட நேரம் தொலைவைச் சொல்லும். சில நூறு கி.மீ.க்குள் என்றால் அந்த விநாடிகளை 8-ஆல் பெருக்கினால் தோராயமாகக் கிலோமீட்டர் கிடைக்கும். தொலைவு கூடினால் அலைகள் ஆழத்தின் வழியே வேகமாகச் செல்வதால் பயண நேர அட்டவணையைப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 8 நிமிட இடைவெளி என்றால் ஏறத்தாழ 6,500 கி.மீ.; சென்னைக்கு ஜப்பான் அந்தத் தொலைவில்தான் இருக்கிறது.

2004 டிசம்பர் 26 காலை 6 மணி 29 நிமிடத்துக்குச் சுமத்திராவுக்கு அருகே நிலம் பிளந்தபோது, ஏறத்தாழ 2,000 கி.மீ. தொலைவிலிருந்த சென்னையின் நிலத்தைப் பி அலை நான்கு நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் வந்தடைந்தது. கடல் அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. இந்தக் கருவியை எச்சரிக்கைக் கருவியாக நம்ப வேண்டாம். ஒரே ஒரு ஊசல், நிலநடுக்கம் எங்கே நிகழ்ந்தது என்றோ கடலடியில் நிகழ்ந்ததா என்றோ சொல்லாது. எச்சரிக்கையை அதற்குரிய அரசு மையங்களிடமிருந்தே பெற வேண்டும்.

திசையையும் அறிய விரும்பினால் இரண்டாவது ஊசல் வேண்டும். வடக்கு தெற்காக நீண்ட தண்டு கிழக்கு மேற்கு அசைவை மட்டுமே உணரும். அதற்குச் செங்குத்தாக மற்றொன்றை வைத்தால் கிடை அசைவு முழுவதும் பிடிபடும். மேலும் கீழுமான அசைவுக்குச் சுருள்வில் கொண்ட வேறு அமைப்புத் தேவை.

ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு அலைவு நேரம், மறுபுறம் சென்ற மில்லிமீட்டர், ஓய்வு நிலை ஆகிய மூன்றையும் மாதம் ஒருமுறை எழுதிவாருங்கள். பருவமழையின் முதல் பெரிய மழைக்குப் பின் நிலம் நீரைக் குடித்துச் சாயும்போது ஓய்வு நிலை கட்டாயம் நகரும். அப்போது பின்காலை எட்டில் ஒரு சுற்று திருப்பி, பெட்டியை மூடி, மறுநாள் காலைவரை தொடாமல் விட்டுவிடுங்கள்.